பிழைத்தவர் கணக்கும் கணக்கின் பிழையும்

வாசகர் கேள்வி – பதில்

தாய் சேய் நலத் திட்டங்களைப் பற்றிய அறிக்கைகளில் ‘இத்தனை ஆயிரம் உயிர்கள் காக்கப்பட்டன’ என்று ஓர் எண் வரும். அது எப்படி வருகிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். குழப்பம் வராமலிருக்க எல்லாப் பதில்களிலும் ஒரே கற்பனைப் பகுதியை வைத்துக்கொள்வோம். அங்கே ஆண்டுக்கு 1,00,000 குழந்தைகள் பிறக்கின்றன. ஆயிரத்துக்கு 50 பேர் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை; ஆக, ஆண்டுக்கு 5,000 இறப்பு. அதில் வயிற்றுப்போக்கால் மட்டும் 500. இவை கணக்குக்காக வைத்த எண்கள். எந்த ஊருடையவையும் அல்ல.

இறந்தவர்களை எண்ணலாம். இறக்காமல் போனவர்களை எப்படி எண்ணுகிறார்கள்?
– பள்ளி ஆசிரியை ஒருவர்

எண்ணுவதில்லை, கழிக்கிறார்கள். திட்டம் வராமல் எல்லாம் இன்றிருக்கிறபடியே நீடித்தால் எத்தனை பேர் இறப்பார்கள் என்று ஒரு கணக்கு. திட்டம் வந்து சேவைகள் பெருகினால் எத்தனை பேர் என்று இன்னொரு கணக்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் ‘காக்கப்பட்ட உயிர்கள்’. எந்தக் குழந்தை பிழைத்தது என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. திட்டம் வந்துவிட்டபின் முதல் கணக்கைச் சரிபார்க்கவும் வழியில்லை. திட்டம் வராத உலகம் நடக்கவே இல்லையே!

இந்த வகைக் கணக்குக்கு வேர், 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த குழந்தை நலக் கட்டுரைத் தொடர். உலகின் குழந்தை இறப்புகளில் 90 சதவீதம் நிகழ்ந்த 42 நாடுகளை எடுத்துக்கொண்டு, கையிலிருந்த எளிய சேவைகள் எல்லாருக்கும் கிடைத்தால் அந்த இறப்புகளில் 63 சதவீதத்தைத் தடுக்கலாம் என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்குமுறையை யாரும் பயன்படுத்தும்படி மென்பொருளாக்கியதுதான் ‘லைவ்ஸ் சேவ்டு டூல்’, சுருக்கமாக ‘லிஸ்ட்’. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற இலவச மென்பொருள் தொகுப்புக்குள் இருக்கிறது. மக்கள்தொகைக் கணிப்பு, இறப்புக் காரணங்கள், ஒவ்வொரு சேவையும் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்ற ‘கவரேஜ்’, ஒவ்வொரு சேவையும் ஒரு காரணத்தாலான இறப்பை எவ்வளவு குறைக்கும் என்ற ‘பலன்’ ஆகியவற்றை அதற்குள் இட வேண்டும். ஐந்து வயது வரையிலான காலத்தை முதல் மாதம், 1–5 மாதம், 6–11, 12–23, 24–59 என்று ஐந்தாகப் பிரித்துக் கணக்கிடும். அதிர்ஷ்டம், தற்செயல் எதுவும் உள்ளே இல்லை. ஒரே பதிப்பில் அதே எண்களை இட்டால் அதே விடைதான் வரும்.

ஓ.ஆர்.எஸ். கரைசலின் கவரேஜ் 40 சதவீதத்திலிருந்து 70க்கு ஏறினால், 30 சதவீத உயர்வைப் பலனால் பெருக்கி, இறப்பு எண்ணிக்கையாலும் பெருக்கினேன். தவறு என்கிறார் வழிகாட்டி. எங்கே தவறு?
– பொதுச் சுகாதார முதுகலை மாணவர்

வழிகாட்டி சொல்வது சரி. நீங்கள் போட்டது இப்படி இருக்கும்: லிஸ்ட் கணக்குக்காக 2010இல் வெளியான தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது), உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரிழப்புக் கரைசலான ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கு இறப்பை 93 சதவீதம் குறைக்கும் என்று மதிப்பிட்டது. 0.93 × 0.30 × 500 = சுமார் 140 உயிர்.

ஆனால் அந்த 500 இறப்பு யாருடையது? ஏற்கெனவே 40 சதவீதம் குழந்தைகளுக்குக் கரைசல் கிடைத்துக்கொண்டிருக்கும்போது மிஞ்சிய இறப்பு அது. கரைசல் யாருக்குமே கிடைக்காத நிலையில் இறப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை முதலில் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். 500 ÷ (1 − 0.93 × 0.40) = 500 ÷ 0.628 = 796. கவரேஜ் 70 ஆனால் 796 × (1 − 0.93 × 0.70) = 278. ஆக, குறைவது 500 − 278 = 222. உங்கள் 140க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

ஒரே வரியில் எழுதினால்: குறையும் பங்கு = பொருந்தும் பங்கு × பலன் × (புதிய கவரேஜ் − பழைய கவரேஜ்) ÷ (1 − பலன் × பழைய கவரேஜ்). ‘பொருந்தும் பங்கு’ என்பது, அந்தக் காரணத்தால் நிகழும் இறப்புகளில் இந்தச் சேவை தொடக்கூடிய பகுதி. ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு இங்கே 1 என்று வைத்தோம். ரோட்டா வைரஸ் தடுப்பூசி என்றால், ரோட்டா வைரஸால் வரும் வயிற்றுப்போக்கு இறப்பு மட்டும்தான் அதன் பங்கு. இதை எழுத மறந்து 1 என்றே விட்டுவிடுவது, எக்செல்லில் சொந்தமாகக் கணக்குப் போடுபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு.

ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுக் கூட்டிவிட்டால் போதாதா?
– அதே மாணவர்

போதாது. கூட்டினால் ஒரே குழந்தையை இரண்டு முறை காப்பாற்றிவிடுவீர்கள்.

தடுப்பூசியின் பொருந்தும் பங்கு 0.3, பலன் 0.5, கவரேஜ் பூஜ்யத்திலிருந்து 80 என்று வைப்போம். தனியாகப் போட்டால் 500 × 0.3 × 0.5 × 0.8 = 60 உயிர். கரைசலின் 222ஐயும் கூட்டினால் 282. ஆனால் தடுப்பூசி 60 பேரை நோயே வராமல் தடுத்துவிட்டபின் கரைசலுக்கு மிஞ்சுவது 440 இறப்புதான். அதில் 44.4 சதவீதம் (முன்பு வந்த 222 ÷ 500) 195. மொத்தம் 255. முந்தைய சேவை விட்டுவைத்த மிச்சத்தின் மேல்தான் அடுத்த சேவை வேலை செய்யும். லிஸ்ட்டும் அப்படித்தான் செய்கிறது: கர்ப்பகாலம், பிரசவம், பிறந்தபின் என்ற கால வரிசை, அதற்குள் முதலில் தடுப்பு, பிறகு சிகிச்சை.

வரிசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கரைசல் முதலில் 222ஐ எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய 278இல் தடுப்பூசிக்கு 33. மொத்தம் அதே 255. ஆனால் தடுப்பூசியின் பெயரில் விழுவது 60ஆ, 33ஆ என்பது யாரை முதலில் நிறுத்தினோம் என்பதைப் பொறுத்தது. ‘இந்தச் சேவை மட்டும் இத்தனை உயிர்களைக் காத்தது’ என்று தனித்தனியே பிரித்துக் காட்டும் பட்டை வரைபடங்களை அதனால்தான் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மொத்தத்தை நம்பலாம், பாகப்பிரிவினையை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

கவரேஜ் எண்ணை எங்கிருந்து எடுப்பது? எங்களிடம் மருந்து விநியோகப் பதிவேடு இருக்கிறது. மாதிரிக் கணக்கெடுப்பும் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதில்லை.
– திட்டக் கண்காணிப்பு அலுவலர்

ஒத்துப்போகாது. பதிவேடு சொல்வது எத்தனை பொட்டலம் கிடங்கை விட்டுப் போனது என்பதை. கணக்கெடுப்பு சொல்வது எத்தனை தாய்மார்கள் கொடுத்ததாக நினைவுகூர்கிறார்கள் என்பதை. நமக்கு வேண்டியதோ, சாகக்கூடிய அளவு நீர்ச்சத்து இழந்த குழந்தைகளில் எத்தனை பேருக்குப் போதுமான அளவு உள்ளே போனது என்பது. இரண்டில் கணக்கெடுப்பே மேல். பதிவேட்டில் வகுக்கும் எண்ணாக யாரை வைப்பது என்ற தகராறே தீராது. சில பதிவேடுகளில் கவரேஜ் 110 சதவீதம் வருவது அதனால்தான்.

கணக்கெடுப்பை எடுத்தாலும் அதன் நடுக்கத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். ‘கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்ததா, வந்தபோது ஓ.ஆர்.எஸ். கொடுத்தீர்களா’ என்பதுதான் கேள்வி. 1,000 குழந்தைகளை விசாரித்து 8 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தால், உங்கள் 40 சதவீதம் என்பது வெறும் 80 குழந்தைகள் மேல் நிற்கிறது. குலுக்கலில் எடுத்த எளிய மாதிரி என்று வைத்தாலே 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு, 29 முதல் 51 வரை. சில ஊர்களைத் தேர்ந்து அங்கே மட்டும் கேட்கும் கொத்துமுறை மாதிரி என்றால் இன்னும் அகலம். இதை முந்தைய கணக்கில் இட்டுப் பாருங்கள். இலக்கு 70 என்பதை மாற்றாமல் தொடக்கக் கவரேஜ் 30 என்று வைத்தால் காக்கப்படும் உயிர் 258. 50 என்று வைத்தால் 174. சூத்திரம் அதேதான். 80 பேரிடம் கேட்ட ஒரு கேள்வி விடையை இவ்வளவு தூரம் ஆட்டுகிறது.

நிமோனியாவில் நிலைமை இன்னும் மோசம். ‘இருமலோடு வேகமாக மூச்சு வாங்கியதா’ என்று தாயிடம் கேட்டுப் பெறும் விடையில், சளியும் இருக்கும், இளைப்பும் இருக்கும், உண்மையான நிமோனியாவும் இருக்கும். அதில் எத்தனை பேருக்கு ஆன்டிபயாட்டிக் கிடைத்தது என்ற விகிதம், நிமோனியாக் குழந்தைகளில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற விகிதம் அல்ல. சளிக்கு மருந்து கொடுக்காதது நல்ல மருத்துவம். கணக்கெடுப்பில் அது கவரேஜ் குறைவாகப் பதிவாகும்.

பிரசவச் சேவைகளில் வேறு வகைச் சிக்கல். ‘மருத்துவமனைப் பிரசவம் 80 சதவீதம்’ என்பது, படி ஏறியவர்கள் எண்ணிக்கை. மூச்சுவிடாத குழந்தைக்குப் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுத்தார்களா, குழந்தை பிறந்ததும் தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டார்களா என்பது அதில் இல்லை. அந்தப் பையும் ஊசியும் பாதி இடங்களில்தான் தயாராக இருக்கின்றன என்றால், அந்தச் சேவைகளின் கவரேஜ் 80 அல்ல, அதிகபட்சம் 40. மருத்துவமனைக் கட்டமைப்பு ஆய்வு ஏதாவது கையில் இருந்தால் இந்தப் பெருக்கலைச் செய்துவிட்டுத்தான் எண்ணை உள்ளே இட வேண்டும்.

‘பலன்’ என்பது ஆய்வில் வந்த எண். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் இல்லையா?
– செவிலியர், பச்சிளங்குழந்தைப் பிரிவு

உங்கள் பிரிவிலிருந்தே ஓர் உதாரணம். குறைமாதப் பிரசவம் நடக்கப்போகும் தாய்க்கு, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி. நடுத்தர வருமான நாடுகளில் நடந்த 4 சோதனைகளைச் சேர்த்து 2010இல் வந்த தொகுப்பாய்வு, குறைமாதக் குழந்தைகளின் இறப்பு 53 சதவீதம் குறைகிறது என்றது. அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் ஊசி ஒன்றே பெரும் எண்ணிக்கையில் உயிர் காக்கும் என்று வரும். வந்தது.

பிறகு 2015இல், அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய 6 நாடுகளில் சுமார் ஒரு லட்சம் பிறப்புகளை உள்ளடக்கி நடந்த சோதனையின் முடிவு வெளியானது. கிராம அளவு வரை ஊசியைக் கொண்டுபோனதில், மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. மொத்தத்தில் ஆயிரம் பேருக்கு 3.5 என்ற அளவில் பச்சிளங்குழந்தை இறப்பு கூடியிருந்தது. தாய்மார்களுக்குத் தொற்று வந்திருக்கலாம் என்ற சந்தேகப் பதிவுகளும் கூடின. கர்ப்ப வாரத்தைத் துல்லியமாகக் கணிக்க வழியில்லாத இடங்களில், ஊசி போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அவ்வளவு சிறிய குழந்தை பிறக்கவில்லை. அதாவது தேவையில்லாதவர்களுக்கு மருந்து போனது. தேவைப்பட்ட குழந்தைகள் பிறந்த இடத்திலோ அவர்களைப் பராமரிக்க வசதி போதவில்லை.

2020இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சோதனை 5 நாடுகளில் 29 மருத்துவமனைகளில் நடந்தது. ஸ்கேன் செய்து 26–33 வாரம் என்று உறுதிப்படுத்தியவர்களுக்கு மட்டும் ஊசி. பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6க்கு இறங்கியது, பலன் 16 சதவீதம். மருந்து ஒன்றுதான். 53, 16, எதிர்மறை என்று மூன்று விடை. நீங்கள் உள்ளே இடும் பலன் எந்தச் சூழலில் கிடைத்ததோ அந்தச் சூழல் உள்ள பிரசவங்களுக்கு மட்டும் கவரேஜைக் கொடுங்கள். ஸ்கேனும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பும் இல்லாத இடத்தில் அந்தக் கட்டத்தைப் பூஜ்யமாகவே விடுவதுதான் நேர்மை.

குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பும் அப்படித்தான். 2021இல் வந்த சோதனை, பிறந்த உடனே தொடங்கினால் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12.0க்கு இறங்குவதைக் காட்டியது. அது குழந்தை சீரானபின் தொடங்கும் வழக்கமான முறையோடு ஒப்பிட்ட பலன், ஒன்றுமே செய்யாததோடு ஒப்பிட்டது அல்ல. ஒப்பீட்டின் மறுபக்கம் என்ன இருந்தது என்று பார்க்காமல் 25 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள்.

இறப்புச் சான்றிதழில் ‘வளர்ச்சிக் குன்றல்’ என்று யாரும் எழுதுவதில்லை. ஊட்டச்சத்துத் திட்டம் எப்படி உயிர் காப்பதாகக் கணக்கில் வருகிறது?
– ஊட்டச்சத்து ஆலோசகர்

சுற்றுவழியில். வளர்ச்சிக் குன்றல் என்பது வயதுக்கேற்ற உயரம் இல்லாமை; மெலிவு என்பது உயரத்துக்கேற்ற எடை இல்லாமை. சான்றிதழில் நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ தட்டம்மையோதான் காரணம் என்று பதிவாகும். மெலிந்த குழந்தை அதே நோயில் இறக்கும் வாய்ப்பு பல மடங்கு. அந்த மடங்குதான் கணக்கின் அச்சாணி. 10 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து 2013இல் வந்த பகுப்பாய்வில், கடுமையாக மெலிந்த குழந்தை இறக்கும் வாய்ப்பு இயல்பான குழந்தையைப் போல 11.6 மடங்கு என்று வந்தது. கடுமையான வளர்ச்சிக் குன்றலுக்கு 5.5 மடங்கு.

நம் பகுதியில் 2 சதவீதம் குழந்தைகள் கடுமையாக மெலிந்திருக்கிறார்கள், மற்றவர்கள் இயல்பு என்று எளிமைப்படுத்துவோம். இயல்பான குழந்தையின் ஆபத்து 1 என்றால் மெலிந்த குழந்தைக்குக் கூடுதல் 10.6; சராசரி ஆபத்து 1 + 0.02 × 10.6 = 1.212. திட்டத்தால் 1 சதவீதமாகப் பாதியானால் 1.106. இரண்டையும் வகுத்தால் 0.913, அந்த வயதினரின் இறப்பு சுமார் 9 சதவீதம் குறையும். மெலிவு பாதியானால் இறப்பு பாதியாகும் என்று பேசுபவர்களுக்கு இந்த இரண்டு வரிக் கணக்கு போதும்.

இங்கே மிகப் பெரிய பள்ளம் சிகிச்சைக் கவரேஜில் இருக்கிறது. 6–59 மாதக் குழந்தைகள் 4,00,000 என்று வையுங்கள். ஒரு நாள் போய் அளந்தால் 2 சதவீதம், அதாவது 8,000 பேர் கடுமையாக மெலிந்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் திட்டம் 6,000 பேருக்குச் சிகிச்சை கொடுத்தது. 75 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 8,000 என்பது ஒரு நாளின் நிழற்படம். தேறியவர்கள் விலக, புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஆண்டுச் சுமையைக் கணிக்க நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள பெருக்கெண் 2.6. அதன்படி 20,800 பேர். கவரேஜ் 29 சதவீதம். அந்த 2.6 எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதும் தெரிந்ததே. பல இடங்களில் அது குறைவான மதிப்பீடாகவே இருக்கும்.

வளர்ச்சிக் குன்றலில் வேறொரு பொறி. ஒரு வயதுப் பிரிவில் குன்றிய குழந்தை அடுத்த பிரிவிலும் குன்றியதாகவே இருக்கும் வாய்ப்பு அதிகம். லிஸ்ட்டில் இது சங்கிலியாகவே பின்னப்பட்டிருக்கிறது. கர்ப்பத்திலேயே வளர்ச்சி குறைந்து பிறப்பதுதான் சங்கிலியின் முதல் கண்ணி. எனவே இன்று கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையும், ஆறாம் மாதத்தில் தொடங்கும் இணையுணவும் ஐந்து வயது வரையிலான சராசரியில் முழுதாகத் தெரிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இரண்டாண்டுத் திட்டத்துக்கு லிஸ்ட் சிறிய எண்ணைத்தான் தரும். சிறிய எண் வந்ததே என்று சேவையைக் கைவிட்டவர்களும் உண்டு.

தாய்ப்பால் எண்ணையும் ஒருமுறை உரசிப் பாருங்கள். ‘தாய்ப்பால் மட்டும் 50 சதவீதம்’ என்றால் பாதிக் குழந்தைகள் ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பாலில் இருந்தார்கள் என்று பொருள் அல்ல. நேற்றைய 24 மணி நேரத்தைப் பற்றிக் கேட்டு, 0–5 மாதக் குழந்தைகள் எல்லாரையும் சராசரி பார்த்த எண் அது. இருபது நாள் குழந்தைக்கு இன்று ‘ஆம்’, அடுத்த மாதம் தண்ணீர் கொடுத்தால் ‘இல்லை’. வயது ஏற ஏற எண் சரியும். அதனால்தான் முதல் மாதத்துக்கும் 1–5 மாதத்துக்கும் தனித்தனியே எண் கேட்கிறது மென்பொருள். இரண்டிலும் ஒரே 50ஐ இட்டால் முதல் மாதத்தில் இல்லாத குறையைத் தீர்த்ததாகக் கணக்கு வரும்.

தாய்மார் இறப்புக்கும் இதே முறையா?
– கிராமச் சுகாதாரப் பணியாளர்

அதே முறைதான், எண்கள்தான் மிகச் சிறியவை. 2014இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பகுப்பாய்வில் ரத்தப்போக்கு 27 சதவீதம், உயர் ரத்த அழுத்தம் 14, தொற்று 11, மீதி மற்றவை. அதில் மறைமுகக் காரணங்கள் (கர்ப்பத்தால் மோசமாகும் வேறு நோய்கள்) மட்டும் 28.

கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட்டைப் பார்ப்போம். 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான சோதனையில் வலிப்பு 58 சதவீதம் குறைந்தது. மரணமும் குறைந்ததாகத் தெரிந்தது, ஆனால் புள்ளியியல்படி உறுதி சொல்ல முடியவில்லை. நோய் குறையும் அளவும் இறப்பு குறையும் அளவும் ஒன்றல்ல. லிஸ்ட்டுக்கு வேண்டியது இரண்டாவது. ரத்தப்போக்குக்கு டிரானெக்சாமிக் அமிலம்: 2017இல் வந்த சோதனையில் 20,000 பெண்கள், 21 நாடுகள். ரத்தப்போக்கால் நேரும் மரணம் 19 சதவீதம் குறைந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களிடம் 31 சதவீதம். ஆக, கவரேஜ் என்பது ‘மருந்து கொடுத்தோமா’ மட்டும் அல்ல, ‘எப்போது கொடுத்தோம்’ என்பதும்தான்.

நம் பகுதியில் லட்சம் பிறப்புக்கு 100 தாய்மார் இறக்கிறார்கள் என்றால் ஆண்டுக்கு 100 பேர். எதுவுமே மாறாவிட்டாலும் தற்செயலால் மட்டுமே அது ஒரு ஆண்டு 80ஆகவும் இன்னொரு ஆண்டு 120ஆகவும் போகும். லிஸ்ட் ‘8 உயிர் காக்கும்’ என்றால், ஓர் ஆண்டின் இறப்புப் பதிவை வைத்து அதை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது.

குடும்பக் கட்டுப்பாட்டையும் சேர்த்தால் எண் திடீரென்று பெரிதாகிறதே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ஆகும். பிறப்பு 1,00,000லிருந்து 90,000 ஆனால், இறப்பு விகிதம் 50லேயே நின்றாலும் இறப்பு 5,000லிருந்து 4,500 ஆகிவிடும். 500 இறப்பு குறைந்தது உண்மை. பிறந்த எந்தக் குழந்தையின் ஆபத்தும் குறையவில்லை என்பதும் உண்மை. தாய்மாருக்கு இது நேரடி நன்மை: கர்ப்பம் இல்லையேல் கர்ப்ப ஆபத்தும் இல்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை இரண்டையும் ஒரே வரியில் கூட்டாதீர்கள். எண்ணிக்கை ஒரு வரி, விகிதம் ஒரு வரி.

கடைசி ஆண்டில் 222 உயிர். ஐந்தாண்டுத் திட்டம். எனவே 1,110 என்று எழுதலாமா?
– தொண்டு நிறுவனக் கணக்காளர்

கூடாது. கவரேஜ் முதல் நாளே 70க்குத் தாவவில்லை. ஆண்டுக்கு 6 புள்ளியாக ஏறினால் 44, 89, 133, 178, 222, கூட்டினால் 666.

அதிலும் ஒரு கேள்வி மிச்சம். திட்டம் வராவிட்டால் கவரேஜ் 40லேயே நின்றிருக்குமா? முந்தைய கணக்கெடுப்புகளில் ஆண்டுக்கு 3 புள்ளி தானாகவே ஏறிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். ஐந்தாம் ஆண்டில் எப்படியும் 55க்கு வந்திருக்கும். அப்போது இறப்பு 389, திட்டத்தோடு 278. திட்டத்துக்கு உரியது 111, சரிபாதி. மென்பொருள் இயல்பாக ‘இன்றைய நிலை அப்படியே நீடிக்கும்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஒப்பீட்டை நீங்கள்தான் தனிக் கோப்பாக உருவாக்க வேண்டும். நிதி கொடுப்பவர் கேட்கும்வரை பலர் உருவாக்குவதில்லை.

நாட்டளவுக் கோப்பை எடுத்து எங்கள் பகுதியின் கவரேஜை மட்டும் மாற்றினால் போதுமா?
– அதே கண்காணிப்பு அலுவலர்

போதாது. பிறப்பு எண்ணிக்கை, இறப்பு விகிதம், காரணப் பங்கு, வளர்ச்சிக் குன்றல் ஆகிய நான்கையும் மாற்ற வேண்டும். நாட்டில் 50, உங்கள் பகுதியில் 25 என்றால், 50ஐ விட்டுவைத்தாலே காக்கப்படும் உயிர் இரட்டிப்பாகிவிடும். காரணப் பங்கையும் மறந்துவிடுகிறார்கள். இறப்பு விகிதம் குறைந்த இடத்தில் மிஞ்சும் இறப்புகளில் பெரும்பங்கு முதல் மாதத்தில், குறைமாதம், பிரசவ மூச்சுத்திணறல், பிறவிக் குறைபாடு என்று இருக்கும். அங்கே ஓ.ஆர்.எஸ். கவரேஜை எவ்வளவு ஏற்றினாலும் பெரிதாக எதுவும் அசையாது.

எங்கள் திட்டம் வெற்றி என்பதற்கு இந்த எண்ணைச் சான்றாகக் காட்டலாமா? அறிக்கையில் இதனோடு என்னென்ன அச்சிட வேண்டும்?
– திட்ட மேலாளர்

சான்றாகக் காட்ட முடியாது. ஓ.ஆர்.எஸ். உயிர் காக்கும் என்பதை நாம்தான் 0.93 என்று உள்ளே போட்டோம். வெளியே வரும்போது ‘பார், உயிர் காத்தது’ என்று வியக்க முடியாது. நீங்கள் அளந்தது கவரேஜ் ஏறியதை மட்டும். உங்கள் கரைசல் உங்கள் குழந்தைகளைக் காத்ததா என்பதை அளக்க இறப்புகளையே பதிவு செய்ய வேண்டும். எந்தச் சேவைக்கு முதலில் பணம் போடலாம் என்று முடிவெடுக்க இந்த எண் நல்ல கருவி. அந்த வேலைக்குத்தான் பிறந்தது.

அச்சிட வேண்டியவை: தொடக்கக் கவரேஜும் அது எந்த ஆண்டுக் கணக்கெடுப்பு, எத்தனை குழந்தைகள் என்பதும், எந்தப் பலன் எண்களைக் கையால் மாற்றினீர்கள் என்பதும், ஒப்பீட்டில் கவரேஜ் நிலையாக இருந்ததா, ஏறியதா என்பதும், குறைந்தபட்ச, அதிகபட்ச விடையும். 222 என்று ஒற்றை எண்ணாகப் போடாமல், ‘174 முதல் 258 வரை’ என்று போடுங்கள்.

இன்னொன்று, மென்பொருளின் பதிப்பு எண். ஒவ்வொரு பதிப்பிலும் உள்ளிருக்கும் இறப்புத் தரவும் பலன் எண்களும் புதுப்பிக்கப்படுகின்றன. போன ஆண்டுக் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தாலே, நீங்கள் ஒரு கட்டத்தையும் தொடாமல் விடை மாறலாம். திறப்பதற்கு முன் பழைய விடைகளை எக்செல்லில் இறக்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.